மெக்சிகோ வரை போன நம்ம ஊர் கட்டம்!

சுட்டிகளே! சென்னை சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் போயிருக்கிறீர்களா? திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் எல்லாம் தாண்டினால் அத்திப்பட்டு புதுநகர் வரும். அதற்கு அடுத்த நிறுத்தம் அத்திப்பட்டு. ('சிட்டிசன்' படத்தில் வரைபடத்தில் இருந்தே காணாமல் போகுமே, அந்த அத்திப்பட்டியா என்று கேட்காதீர்கள். அது சினிமாவுக்காக எழுதிய கதை. நம்ம அத்திப்பட்டு பத்திரமாக இருக்கிறது!)

ரயில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் வானத்தைத் தொடும் புகைபோக்கிகள் தெரியும். அதுதான் வட சென்னை அனல் மின் நிலையம். 1994ல் அதன் முதல் அலகு மின்சாரம் தர ஆரம்பித்தது. பக்கத்திலேயே காமராஜர் துறைமுகம். அங்கே மலை மலையாக நிலக்கரி வந்து இறங்குகிறது. ரயிலில் இன்னும் மேலே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. இரும்பு உருக்கும் ஆலை, ரசாயன ஆலை, வரிசை கட்டி நிற்கும் லாரிகள்... இந்தப் பக்கத்தில் எல்லாமே பெரிசு பெரிசு!

ஆனால், இதே வட்டாரத்தில் இருந்து ரொம்பச் சின்னப் பொருள் ஒன்று உலகத்தையே சுற்றி வந்திருக்கிறது. எந்த எந்திரமும் இல்லாமல், வீட்டுக்குள்ளே உட்கார்ந்து, இரண்டு கையாலும் இரண்டு காலாலும் செய்த பொருள் அது. என்ன தெரியுமா? கட்டம் போட்ட ஒரு சதுரத் துணி!

தாத்தாவின் கைலியைப் பாருங்கள்

உங்கள் வீட்டில் தாத்தாவோ அப்பாவோ கட்டம் போட்ட கைலி கட்டுகிறாரா? ஜவுளிக் கடையில் அந்த வகைக் கைலிக்கு 'பாளையக்காட் லுங்கி' என்று பெயர். பாளையம் என்கிறார்களே, காடு என்கிறார்களே, இது எந்த ஊர் என்று யோசித்தது உண்டா?

அது நம்ம பழவேற்காடுதான்!

அத்திப்பட்டில் ரயில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்தால் சுமார் 20 கிலோ மீட்டரில் பழவேற்காடு வந்துவிடும். இந்தியாவிலேயே இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி அங்கே இருக்கிறது. (முதல் இடம் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு.) பூநாரைகளைப் பார்க்க நிறைய பேர் போவார்கள். 16ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் இங்கே வந்தார்கள். அவர்கள் வாயில் 'பழவேற்காடு' நுழையுமா? 'ழ' சொல்ல நம்மில் பாதிப் பேருக்கே தகராறு! அவர்கள் 'பலியகாட்டே' என்றார்கள். ஆங்கிலேயர்கள் 'புலிகாட்' என்று இன்னும் சுருக்கினார்கள். வெளிநாட்டுக்காரர்கள் மாற்றிய பெயர் துணியோடு சேர்ந்து திரும்பி வந்து, 'பாளையக்காட்' என்று நம் கடைப் பலகையிலேயே ஏறிவிட்டது.

போர்ச்சுகீசியர்களுக்குப் பிறகு வந்தவர்கள் டச்சுக்காரர்கள். 1610ல் விஜயநகர மன்னர் வேங்கடரிடம் அனுமதி வாங்கினார்கள். 1613ல் ஒரு கோட்டை கட்டினார்கள். பெயர் கெல்டிரியா கோட்டை. இன்று கோட்டை இல்லை. மேடும் அகழியும் புதர்களும்தான் மிச்சம். ஆனால் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் நன்றாகவே இருக்கிறது. அதன் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பகலில் போய்ப் பாருங்கள், பயமாக இருக்காது!

அவ்வளவு தூரத்தில் இருந்து டச்சுக்காரர்கள் எதற்கு வந்தார்கள்? அவர்களுக்கு வேண்டியது கிராம்பும் ஜாதிக்காயும். அவை விளைந்தது இன்றைய இந்தோனேசியாவில் உள்ள தீவுகளில். அந்தத் தீவு மக்களோ, "உங்கள் வெள்ளிக் காசு எங்களுக்கு எதற்கு? சோழமண்டலக் கரையில் நெய்கிற துணி கொண்டு வாருங்கள், கிராம்பு தருகிறோம்" என்ற மாதிரி நடந்துகொண்டார்கள். அதனால்தான் டச்சுக்காரர்கள் முதலில் துணி வாங்க இங்கே ஓடி வந்தார்கள். பழவேற்காட்டையே இந்தக் கரையின் தலைமை இடமாக வைத்துக்கொண்டார்கள். 1690ல்தான் அதை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. இந்தத் துறைமுகத்தில் இருந்து துணி மட்டும் போகவில்லை. பஞ்சத்தில் அடிபட்ட ஏழை மக்களை அடிமைகளாக வாங்கி, அதே கப்பல்களில் ஏற்றி அனுப்பினார்கள். அழகான துணியின் வரலாற்றில் இப்படி ஓர் அழுக்கான பக்கமும் இருக்கிறது.

கட்டம் எப்படி வருகிறது?

கட்டம் போட்ட துணியில் கட்டத்தை யாரும் அச்சடிப்பது இல்லை. நெய்வதற்கு முன்பே நூலுக்குச் சாயம் ஏற்றிவிடுவார்கள். அந்தக் காலத்தில் சிவப்புக்குச் 'சாயவேர்'. கடற்கரை மணலில் வளரும் சின்னச் செடி அது. இம்பூறல் என்றும் சொல்வார்கள். அதன் வேரைத் தோண்டி, காய வைத்து, இடித்து, படிகாரம் போட்டுச் சாயம் எடுப்பார்கள். நீலத்துக்கு அவுரி இலை.

நீளவாக்கில் ஓடும் நூலுக்குப் பாவு என்று பெயர். குறுக்கே போகும் நூல் ஊடை. பாவில் கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் நீலம் என்று எண்ணி எண்ணி வரிசை வைப்பார்கள். பிறகு விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, பெரிய பிரஷ்ஷால் நீவி விடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். மழை வந்தால் அன்றைய வேலை போச்சு! நெசவாளர் தெருக்கள் அகலமாக, நேராக இருப்பது இதற்காகத்தான்.

பாவு தறியில் ஏறியதும் நெசவாளர் தரையில் தோண்டிய குழியில் காலை விட்டு உட்காருவார். அதனால் அதற்குக் குழித்தறி என்று பெயர். காலால் மிதியை அழுத்தினால் பாவு நூல்களில் பாதி மேலே போகும், பாதி கீழே வரும். நடுவில் ஒரு வழி திறக்கும். அந்த வழியில் நாடா 'சர்ர்'ரென்று இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடும். நாடாவுக்குள் ஊடை நூல் சுற்றிய தார் இருக்கும். ஒவ்வொரு முறை நாடா ஓடியதும் பண்ணையை இழுத்து ஒரு தட்டு. மறுபடி மிதி, மறுபடி நாடா, மறுபடி தட்டு.

இங்கேதான் கணக்கு வருகிறது. பாவில் என்ன வரிசையில் நிறம் வைத்தார்களோ, அதே வரிசையில் ஊடையிலும் நிறத்தை மாற்றிக்கொண்டே வர வேண்டும். சிவப்பு நாடா இத்தனை தடவை, வெள்ளை நாடா இத்தனை தடவை. ஒரு எண்ணிக்கை தப்பினால் சதுரம் செவ்வகமாகிவிடும்! துணியைத் தூரத்தில் வைத்துப் பார்த்தாலே அந்த இடம் பல்லிளிக்கும். பள்ளிக்கூடமே போகாத நெசவாளர்கூட நாள் முழுக்க மனக்கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இப்படி நெய்த சதுரங்கள்தான் 'புலிகாட் கைக்குட்டை'. கைக்குட்டை என்றால் மூக்கு துடைப்பது என்று நினைக்காதீர்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கஜம் நீளம், ஒரு கஜம் அகலம். தலையில் கட்டலாம், கழுத்தில் சுற்றலாம், இடுப்பில் செருகலாம். எல்லாத் துணியும் பழவேற்காட்டுக்குள்ளேயே நெய்ததும் இல்லை. சுற்றிலும் இருந்த நெசவுக் கிராமங்களில் நெய்து, இங்கே வந்து கப்பல் ஏறியது. ஏறிய துறைமுகத்தின் பெயரே துணிக்கும் ஒட்டிக்கொண்டது.

எங்கெல்லாம் போனது பாருங்கள்!

மெக்சிகோ நாட்டில் தலையிலும் கழுத்திலும் கட்டும் வண்ணத் துணிக்குப் 'பலியகாத்தே' என்று பெயர். என்ன, எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதா? நம்ம பழவேற்காடுதான் அந்தச் சொல்லின் வேர் என்று ஸ்பானிய மொழி அகராதி சொல்கிறது. அந்தக் காலத்தில் இந்தியத் துணி பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவுக்குப் போய், அங்கிருந்து ஸ்பானியர்களின் கப்பலில் பசிபிக் பெருங்கடலைத் தாண்டி மெக்சிகோவில் இறங்கியது. மெக்சிகோவின் சுதந்திரப் போராட்ட வீரர் ஹோசே மரியா மொரேலோஸ் படத்தைப் பாருங்கள். தலையில் எப்போதும் ஒரு துணி கட்டியிருப்பார். அதுதான் பலியகாத்தே! அவருடைய படம் அந்த நாட்டின் 50 பெசோ நோட்டில் பல ஆண்டுகள் இருந்தது.

ஆப்பிரிக்காவில் நைஜீரியா நாட்டின் ஆற்று முகத்துவாரத்தில் கலபாரி என்ற மக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம்ம சென்னைப் பக்கத்துக் கட்டத் துணி என்றால் உயிர். 'இன்ஜிரி' என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். குழந்தை பிறந்தால் அந்தத் துணி வேண்டும். பெரியவர் இறந்தாலும் அந்தத் துணி வேண்டும். இன்னொரு வேடிக்கை, பிளேடு முனையால் துணியில் சில நூல்களை மட்டும் நறுக்கி உருவி எடுத்து, கட்டத்துக்குள்ளேயே புதுக் கோலம் உண்டாக்குவார்கள். நம்ம ஊர்க்காரர் எண்ணி எண்ணிச் சேர்த்த நூலை, அங்கே ஒருவர் எண்ணி எண்ணி எடுக்கிறார்!

அமெரிக்காக் கதை இன்னும் தமாஷ். 1958ல் சென்னைக் கட்டத் துணியை அமெரிக்க வியாபாரி ஒருவர் வாங்கிப் போனார். அங்கே புகழ்பெற்ற ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடை அதைச் சட்டையும் கோட்டும் தைத்து விற்றது. குளிர்ந்த நீரில் தனியாகத் துவைக்க வேண்டும் என்று யாரும் வாங்கியவர்களிடம் சொல்லவில்லை. வாஷிங் மெஷினில் போட்டார்கள்... அவ்வளவுதான்! சாயம் ஓடி, மற்ற துணியெல்லாம் கலர் கலராகிவிட்டது. ஒரே ரகளை. கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? "இந்தத் துணியில் கண்டிப்பாகச் சாயம் போகும், ஒவ்வொரு தடவை துவைக்கும்போதும் புதுசாகத் தெரியும்" என்று அதையே விளம்பரமாக்கி விற்றுத் தீர்த்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால், இந்த வாதத்தை உங்கள் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், நடக்காது! அதோடு, 300 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியர்கள் நம் துணிக்கு மயங்கியதற்கு ஒரு பெரிய காரணமே, சாயவேர் ஏற்றிய துணியை எத்தனை தடவை துவைத்தாலும் சாயம் போகாது என்பதுதான்.

அட்வான்சைத் திருப்பித் தரும் உரிமை

சரி, இவ்வளவு துணி நெய்த நெசவாளருக்கு என்ன கிடைத்தது? இதுதான் முக்கியமான கேள்வி.

வியாபாரி முதலில் முன்பணம் கொடுப்பார். அதில் நெசவாளர் நூல் வாங்கி, வீட்டுச் செலவையும் பார்த்துக்கொண்டு, துணி நெய்து தருவார். தறி அவருடையது, வீடு அவருடையது, நேரம் அவருடையது. வேறு ஒருவர் அதிக விலை தருகிறார் என்று தெரிந்தால், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போகலாம். டச்சுக்காரர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், உள்ளூர் வியாபாரி என்று வாங்க ஆள் நிறைய இருந்ததால் நெசவாளர் கொஞ்சம் தலை நிமிர்ந்தே பேசினார். ரொம்பத் தொல்லை கொடுத்தால், தறிகளைக் கழற்றிக்கொண்டு ஊரோடு கிளம்பி வேறு ஊருக்குப் போய்விடுவார்கள்! குழித்தறியில் குழி அங்கேயே இருக்கும், மரச் சட்டங்களை மூட்டை கட்டிக்கொள்ளலாம் அல்லவா?

18ம் நூற்றாண்டின் கடைசியில் நிலைமை தலைகீழானது. கிழக்கிந்திய கம்பெனி வியாபாரியாக இருந்து அரசாங்கமாகவே மாறிவிட்டது. இப்போது முன்பணத்தைத் திருப்பித் தர முடியாது. கம்பெனிக்குத்தான் நெய்ய வேண்டும், கம்பெனி சொல்வதுதான் விலை. மீறினால் வீட்டு வாசலில் கம்பெனி சேவகன் வந்து நிற்பான். கை அதே கை, தறி அதே தறி. 'முடியாது' என்று சொல்லும் உரிமை மட்டும் போய்விட்டது. என்னைக் கேட்டால், துணியின் விலை குறைந்ததைவிட இதுதான் பெரிய நஷ்டம்.

ஸ்காட்லாந்தில் ஒரு பழவேற்காடு!

இப்போது கப்பல் ஏறி ஐரோப்பாவுக்குப் போகலாம் வாருங்கள்.

நம்ம கைக்குட்டைக்கு அங்கே ஏகப்பட்ட கிராக்கி. 1780களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து வியாபாரிகள், "இதை ஏன் இங்கேயே நெய்யக் கூடாது?" என்று யோசித்தார்கள். அங்கிருந்த கைத்தறி நெசவாளர்கள் நம்ம கட்டத்தைப் பார்த்துப் பார்த்து நெய்தார்கள். அந்தத் துணிக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'புலிகேட்'! இன்றைக்கும் பெரிய ஆங்கில அகராதிகளில் அந்தச் சொல் இருக்கிறது. பழவேற்காட்டையே பார்க்காத ஒருவர், ஸ்காட்லாந்துக் குளிரில் உட்கார்ந்து பழவேற்காடு நெய்தார்.

அந்த நெசவாளர்களும் நம்மவர்கள் மாதிரிதான். பெரிய ஆலை எதுவும் கிடையாது. வீட்டின் கீழ்த்தளத்தில் தறிக்கூடம், மேலே குடும்பம். கில்பார்கன் என்ற கிராமத்தில் 1723ல் கட்டிய ஒரு நெசவாளர் வீட்டை அப்படியே பாதுகாத்து, அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அந்தச் சின்னக் கிராமத்தில் ஒரு காலத்தில் சுமார் 800 தறிகள் ஓடின! தறிக்கூடத்தின் தரை வெறும் மண் தரை. ஏன் தெரியுமா? மண்ணின் ஈரம் பட்டால் நூல் அறுந்து போகாது. நம்ம ஊர்க் குழித்தறியிலும் அதே ஈரம்தான் நூலைக் காப்பாற்றுகிறது. கடல் கடந்து இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே ஒரே விஷயத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் பாருங்கள்!

அவர்களுடைய கஷ்டமும் ஒரே மாதிரிதான் இருந்தது. 1787ல் கிளாஸ்கோ பக்கத்தில் கால்டன் என்ற இடத்து நெசவாளர்களின் கூலியை முதலாளிகள் குறைத்தார்கள். நெசவாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மாதக்கணக்கில் நீடித்தது. செப்டம்பர் 3ம் தேதி ராணுவத்தை வரவழைத்துச் சுட்டார்கள். ஆறு நெசவாளர்கள் உயிரிழந்தார்கள். அந்தச் சமயத்தில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து முதலாளிகள் சொல்லிக்கொண்டிருந்த ஒரு குறை என்ன தெரியுமா? "இந்தியாவில் இருந்து மலிவாகத் துணி வந்து இறங்குகிறது!" இங்கே நம்ம நெசவாளரின் கையைக் கட்டி மலிவாக வாங்கினார்கள். அங்கே அந்த மலிவைக் காட்டி இன்னொரு நெசவாளரின் கூலியில் கை வைத்தார்கள்.

அடுத்து வந்தது எந்திரம். எட்மண்ட் கார்ட்ரைட் என்பவர் 1785ல் விசைத்தறிக்குக் காப்புரிமை வாங்கினார். முதலில் அது அடிக்கடி மக்கர் செய்தது. பிறகு மெல்ல மெல்லச் சீர்படுத்தி, நீராவியில் ஓட வைத்தார்கள். கைத்தறிக்கு வேலை குறைந்துகொண்டே போனது.

ஸ்காட்லாந்தில் டன்ஃபெர்ம்லின் என்ற ஊரில் வில்லியம் கார்னகி என்ற கைத்தறி நெசவாளர் இருந்தார். அவர் நெய்தது புலிகேட் இல்லை, பூ வேலைப்பாடு கொண்ட மேஜை விரிப்புத் துணி. நன்றாக வாழ்ந்த குடும்பம். நீராவித் தறி வந்த பிறகு ஒருநாள் அவருக்கு வேலையே இல்லை என்றாகிவிட்டது. தறிகளை விற்றார்கள். 1848ல் குடும்பமே கப்பலேறி அமெரிக்கா போனது. அங்கே அவருடைய 13 வயது மகன் ஒரு பஞ்சாலையில் தார் மாற்றும் பையனாக வேலைக்குச் சேர்ந்தான். வாரத்துக்கு ஒரு டாலர் 20 சென்ட் சம்பளம். விடியும் முன் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. அந்தப் பையன்தான் ஆண்ட்ரூ கார்னகி. பின்னாளில் உலகத்தின் பெரிய இரும்பு முதலாளி ஆனார். 2,500க்கும் மேற்பட்ட நூலகங்கள் கட்டப் பணம் கொடுத்தார். ஆனால், ஆயிரக்கணக்கான நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளில் கார்னகி ஆனது ஒரே ஒருவர்தான் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் மிதிக்கும் தறி

அப்படியானால் ஐரோப்பாவில் கைத்தறியே இல்லையா? இருக்கிறது! ஸ்காட்லாந்துக்கு வடமேற்கே வெளி ஹெப்ரிடீஸ் என்று சில தீவுகள். அங்கே 'ஹாரிஸ் ட்வீட்' என்ற தடிமனான கம்பளித் துணி நெய்கிறார்கள். அதைக் காப்பாற்ற 1993ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஒரு தனிச் சட்டமே போட்டார்கள். சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? அந்தத் தீவுக்காரர், தன்னுடைய சொந்த வீட்டில், கையால் நெய்திருக்க வேண்டும். கம்பளியை நூற்றதும் சாயம் ஏற்றியதும் அந்தத் தீவுகளிலேயே நடந்திருக்க வேண்டும். அப்போதுதான் 'ஹாரிஸ் ட்வீட்' என்ற பெயரைப் போடலாம்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அதற்குள் ஒரு தறி. கரண்ட் கிடையாது. சைக்கிள் மிதிப்பது போல இரண்டு காலாலும் மிதித்தே ஓட்டுகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே ஆடு மேயும், கடல் தெரியும். தனக்குத் தோன்றும்போது வேலை, தோன்றும்போது ஓய்வு. கேட்கவே நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் ஆர்டர் வந்தால்தான் வேலை. அமெரிக்காவிலோ ஜப்பானிலோ கோட் விற்கவில்லை என்றால் இங்கே தறி நின்றுவிடும்.

நம்ம ஊரிலும் சட்டம் இருக்கிறது. 1985ல் மத்திய அரசு கைத்தறிக்கான ரக ஒதுக்கீட்டுச் சட்டம் கொண்டு வந்தது. 11 வகைத் துணிகளைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்யலாம். அந்தப் பட்டியலில் கட்டமோ கோடோ போட்ட லுங்கியும் இருக்கிறது! ஆனால் கடையில் போய்ப் பாருங்கள். விசைத்தறியில் நெய்த கட்டம்தான் அதிகம் தொங்கும். அத்திப்பட்டுப் புகைபோக்கிகளுக்குக் கீழே தயாராகும் மின்சாரமும் அந்தத் தறிகளை ஓட்டுவதில் சேரும்தானே? விசைத்தறி ஓட்டுகிறவரும் பெரும்பாலும் ஏழைத் தொழிலாளிதான். அவரைத் திட்டிப் பயன் இல்லை. சட்டத்தை எழுதி வைத்தவர்கள் அதை நடத்தியும் காட்ட வேண்டும்.

2019-20ல் நாடு முழுவதும் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பில் தெரிந்த விஷயம் இது: கைத்தறிக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே சம்பாதிக்கின்றன. வேலை செய்கிறவர்களில் 10க்கு 7 பேர் பெண்கள். தமிழகத்தில் குடியாத்தம், குறிஞ்சிப்பாடி போன்ற ஊர்கள் கைலிக்குப் பெயர் பெற்றவை. ஆனால் அங்கே தார் சுற்றும் பாட்டியிடம், "உங்கள் பேரன் தறியில் உட்காருவானா?" என்று கேட்டால் சட்டென்று பதில் வராது.

கைத்தறிதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 2006ல் இருந்து 'கைத்தறி முத்திரை' ஒன்று இருக்கிறது. அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். துணியின் இரு ஓரங்களையும் உற்றுப் பாருங்கள். நெய்யும்போது துணி சுருங்காமல் இருக்க, ஊசி முனை வைத்த குச்சியால் அகலத்தில் இழுத்துப் பிடிப்பார்கள். அந்த ஊசி குத்திய பொடித் துளைகள் அங்கங்கே தெரியும். நம்ம கோ-ஆப்டெக்ஸ் 1935ல் இருந்து கைத்தறித் துணி விற்கிறது. அங்கே போனால் தொட்டுப் பார்த்தே பழகிக்கொள்ளலாம்.

பழவேற்காட்டில் இன்று...

பழைய கைக்குட்டைத் தறிகளைத் தேடிப் பழவேற்காடு போனால் ஏமாந்து போவீர்கள். ஆனால் அங்கே இன்னும் கைகள் பின்னிக்கொண்டுதான் இருக்கின்றன. நூலுக்குப் பதில் பனை ஓலை!

விரியாத இளம் குருத்தோலையாக வெட்டி வாங்குவார்கள். வெயிலில் காய வைத்தால் அது வெள்ளை வெளேர் என்று ஆகும். நடுவில் இருக்கும் ஈர்க்கை உருவி எடுத்துவிட்டு, ஓலையை ஒரே அகலத்தில் நீள நீளமாகக் கிழிப்பார்கள். இதற்குத்தான் கை பழக வேண்டும். ஒரு இழை அகலம் அதிகமானாலும் பின்னல் கோணும். சில இழைகளைச் சாயம் கலந்த கொதிநீரில் போட்டு, சிவப்பு, பச்சை, ஊதா என்று நிறம் ஏற்றுவார்கள். பிறகு வீட்டுத் திண்ணையிலோ முற்றத்திலோ உட்கார்ந்து பின்னல். பழவேற்காட்டில் இதைச் செய்கிறவர்களில் இஸ்லாமியப் பெண்கள் அதிகம். சமையல் ஆனதும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும், ஓலை கைக்கு வந்துவிடும். மூடி போட்ட பெட்டி, விசிறி, கிலுகிலுப்பை, பூக்கூடை என்று என்னென்னவோ செய்கிறார்கள்.

அந்தப் பெட்டிகளின் பக்கவாட்டைக் கவனியுங்கள். நிற ஓலை நெடுக்கே போகிறது, வெள்ளை ஓலை குறுக்கே வருகிறது. சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை... கட்டம்! பாவும் ஊடையும் இங்கே ஓலையாகிவிட்டன, அவ்வளவுதான். ஒரு பெட்டிக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கேட்டுப் பாருங்கள். பிறகு அதன் விலையைக் கேளுங்கள். இரண்டையும் மனசுக்குள் வகுத்துப் பார்த்தால், ஒரு மணி நேரத்துக்கு என்ன கூலி என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அதற்கு மேலும் யாராவது, "பிளாஸ்டிக் டப்பா இதைவிடச் சீப்" என்று பேரம் பேசினால், அந்தக் கணக்கை அவர்களிடமும் சொல்லுங்கள்.

நீங்களே ஒரு கட்டம் நெய்யுங்கள்!

தறி வேண்டாம், கத்தரிக்கோல் போதும். ஒரு சிவப்புக் காகிதத்தைப் பாதியாக மடியுங்கள். மடித்த பக்கத்தில் இருந்து எதிர் ஓரத்தை நோக்கி, விரல் அகல இடைவெளியில் வெட்டிக்கொண்டே வாருங்கள். ஓரம் வரை வெட்டிவிடாமல், ஒரு அங்குலம் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். பிரித்தால் இதுதான் உங்கள் பாவு. வெள்ளைக் காகிதத்தையும் நீலக் காகிதத்தையும் அதே அகலத்தில் நீளத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். இவை ஊடை.

முதல் வெள்ளைத் துண்டை மேலே, கீழே, மேலே, கீழே என்று கோர்த்து இழுங்கள். அடுத்த துண்டு கீழே, மேலே என்று மாறி வர வேண்டும். இரண்டு வெள்ளைக்கு ஒரு நீலம் என்று எண்ணிக்கொண்டே போங்கள். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கணக்கு தப்பும், ஜாக்கிரதை! தப்பினால் அந்த வரிசையை உருவிவிட்டு மறுபடி கோர்க்க வேண்டியதுதான். ஒவ்வொரு துண்டையும் விரலால் நெருக்கித் தள்ளினால் இடைவெளி தெரியாது. கடைசித் துண்டு போனதும், ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளைப் பின்பக்கமாக மடித்துப் பசை தடவி ஒட்டிவிடுங்கள்.